சங்குமுனைக் கோயிலும் கொட்டாஞ்சேனை மருமகளும்

மேபலின் கலியாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஒருவரும் வரவில்லை. கொழும்பில் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலின் வலப்பக்க வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. பார்க்கிறவர்கள் சிரிப்பார்களே என்று மேபலின் தகப்பன் செபஸ்தியன், துறைமுகத்தில் தன்னோடு பாரந்தூக்கும் வின்ச் ஓட்டிய கூட்டாளிகளைக் கூட்டிவந்து அந்த வாங்குகளில் இருத்தினார். அவர்களில் பாதிப்பேர் சிங்களவர்கள், இரண்டொருவர் முஸ்லிம்கள். மாப்பிள்ளையின் இனசனம் செய்யவேண்டியதை அவர்கள் குறையில்லாமல் செய்தார்கள். தாலி கட்டும்போது ஒருவர் அழக்கூடச் செய்தார்.

மாப்பிள்ளை பேர்னாட் கப்பல் கம்பனி ஒன்றில் கிளாக்கர். ஊர் சங்குமுனை. தென்மராட்சியில், கடனீரேரிக் கரையில் இருக்கும் கத்தோலிக்கக் கிராமம். அவனுக்கு ஊரில் பெண் பேசி வைத்திருந்தார்கள். கொழும்புக்கு வேலைக்கு வந்தவன் வின்ச்காரனின் மகளைப் பிடித்துவிட்டான் என்றதும் ஊர் கொதித்தது. பேர்னாட்டின் தமக்கை ஐறீன், "ஹாபர் பக்கத்துப் பெட்டை எங்கட சவேரியார் கோயில் படி மிதிக்கக்கூடாது" என்று சொன்னாளாம். அந்தச் சொல் ரயிலில் ஏறி, கலியாணத்துக்கு முன்பே கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்தது. பேர்னாட்டின் பெரியப்பா மகன் கொன்ஸ்ரன்ரைன், கலியாணத்துக்குப் போகிறவன் இனித் தன் வீட்டுப் பக்கம் வரவேண்டாம் என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்தான். அவன் வீதித் திணைக்களத்தில் ஓவசியர். அரசாங்க ஜீப்பில் திரிகிறவன் சொன்னால் ஊர் கேட்கும்.

பேர்னாட் ஆரம்பத்தில் வருடத்துக்கு ஒருமுறை சவேரியார் திருநாளுக்குத் தனியாகப் போய்வந்தான். பிறகு அதையும் விட்டான். ஊரைப் பற்றி வீட்டில் கதைக்கமாட்டான். ஆகவே சங்குமுனைக் கோயிலைப் பற்றி மேபலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: அதன் படியைத் தான் மிதிக்கக்கூடாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு, வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த மாடிவீட்டுக்காரர் அவுஸ்திரேலியாவுக்குப் போனார். வீட்டைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று பேர்னாட்டிடம் சாவியைக் கொடுத்தார். பிள்ளைகள் இல்லாத இரண்டு பேருக்கு அது மிகப் பெரிய வீடு. தொண்ணூற்றொன்றில் பேர்னாட் மாரடைப்பில் போய்விட, ஒருத்திக்கு அது இன்னும் பெரிதாகிவிட்டது.

அந்த வீட்டை நிரப்புவதற்கு சங்குமுனையே புறப்பட்டு வந்தது.

முதலில் வந்தவன் கொன்ஸ்ரன்ரைன். வடக்கில் சண்டை மூண்டு, வள்ளத்தில் கடனீரேரி கடந்து, பஸ், லொறி, நடை என்று எல்லாவற்றிலும் வந்து, ஒரு மத்தியானம் வாசலில் நின்றான். கையில் ஒரு பை. தலை நரைத்து, ஓவசியரின் தொப்பை எங்கேயோ வழியில் இறங்கிப் போயிருந்தது. இருபது வருடமாக மேபல் அவனுக்குச் சொல்லவென்று நல்ல நல்ல வசனங்களாகச் சேர்த்து வைத்திருந்தாள். குசினியில் வெங்காயம் வெட்டும்போதெல்லாம் அவற்றை மெருகேற்றுவாள்.

"தங்கச்சி," என்றான் அவன், "குடிக்கக் கொஞ்சம் தண்ணி தாங்கோ."

சேர்த்து வைத்த வசனங்களில் ஒன்றும் தண்ணீர் கேட்கிறவனுக்குப் பொருத்தமாக இல்லை. மேபல் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சோறு கொடுத்தாள். பிறகு கீழ்மாடியில் ஓர் அறையும் கொடுத்தாள்.

அடுத்து நோபேட் வந்தான். ஊரில் மீன் வாடி வைத்திருந்தவன். அவனும் கலியாணத்துக்கு வராதவன்தான், ஆனால் அது ஊரோடு ஒத்துப்போன வராமை என்பதால் மேபல் அவனைக் கணக்கில் வைத்திருக்கவில்லை. அவர்களுக்குப் பின்னால் கனடாவுக்கும் சுவிசுக்கும் விசா பார்த்திருக்கும் இளசுகள். வீடு லொட்ஜாக மாறியது. மேபல் காலையில் இடியப்பம், மத்தியானம் சோறு, இரவில் பிட்டு என்று அவித்துக் கொட்டினாள். புதிதாக ஆள் வரும் ஒவ்வொரு முறையும் பொலிசுக்குப் போய்ப் பெயர் பதிந்துவிட்டு வந்தாள்.

சங்குமுனைக் கோயிலில் விமானக் குண்டு விழுந்து கூரை போய்விட்டது என்ற செய்தி வந்தபோது, சங்குமுனையார் எல்லோரும் மேபலின் முன் ஹோலில் கூடி அழுதார்கள். அழுது முடித்ததும் சபை தொடங்கினார்கள். "சங்குமுனை புனித சவேரியார் ஆலயப் புனரமைப்புச் சபை, கொழும்புக் கிளை." தலைமைக் கிளை என்று உலகத்தில் எங்கும் ஒன்று இருக்கவில்லை. ஊருக்குப் போக வழியில்லை, சீமெந்தை வடக்குக்குக் கொண்டுபோகத் தடை, கோயில் நின்ற இடத்தில் இப்போது யார் நிற்கிறார்கள் என்றே தெரியாது. ஆனாலும் சபை ஞாயிறுதோறும் பூசை முடிந்து வந்து கூடியது. தலைவர் கொன்ஸ்ரன்ரைன், செயலாளர் நோபேட். தேநீரும் பற்றிசும் மேபல்.

கோயிலைத் திருத்துவதற்கு முதல் அதன் சரித்திரத்தைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. கோயிலைக் கட்டியது தன் பூட்டனார் என்றான் கொன்ஸ்ரன்ரைன். கொள்ளைநோய் வந்த வருடத்தில், சாகாமல் தப்பியதற்கு நேர்த்திக்கடனாக முகப்பையும் வளைவுகளையும் அவர் கட்டினாராம்.

"முகப்பு நீங்கள் கட்டினதெண்டே வையுங்கோ," என்றான் நோபேட். "சுவருக்கு முருகைக்கல் ஆர் வள்ளத்தில ஏத்திக்கொண்டு வந்தது? எங்கட ஆக்கள். மணி ஆர் குடுத்தது? எங்கட சின்னப்பூட்டன். மணிக்கோபுரம் கட்டினது ஆர்?"

"மணிக்கோபுரமோ? எந்தக் கோபுரம்? மணி பூவரசில எல்லோ தூங்கினது!"

"கொன்ஸ்ரன்ரைன் அண்ணை, பூவரசில தூங்கினது பள்ளிக்கூடத்து மணி."

அன்று தொடங்கிய மணிக்கோபுரச் சண்டை மாதக்கணக்காக நீண்டது. வளைவுகள் மூன்று என்றார்கள், ஐந்து என்றார்கள். பெண்களுக்குத் தனிவாசல் இருந்தது, இருக்கவில்லை. பிறந்ததில் இருந்து அந்தக் கோயிலில் முழந்தாளில் நின்றவர்கள்தான் எல்லோரும். ஆனால் அவரவருக்கு அவரவர் வீட்டார் கொடுத்த பொருள்தான் ஞாபகம் இருந்தது, மற்றவன் வீட்டார் கொடுத்தது மறந்துபோயிருந்தது.

சண்டை தீர ஒரு படம் கீறினால் நல்லது என்று யாரோ சொன்னார்கள். மேல்மாடியில் சுவிஸ் விசாவுக்குக் காத்திருந்த நாகேந்திரம் ஊரில் படவரைஞனாக இருந்தவன். கோப்பாய்ப் பொடியன், அசல் சைவன். சங்குமுனையைக் கண்ணாலும் காணாதவன் என்பதால் பக்கச்சார்பு இருக்காது என்று இரண்டு தரப்பும் அவனை ஏற்றுக்கொண்டன. அவன் பென்சிலால் கீறுவான், ஒரு தரப்பு வந்து அழிக்கச் சொல்லும். திரும்பக் கீறுவான், மறுதரப்பு வரும். தாள் ஓட்டை விழும் நிலைக்கு வந்ததும் ஒருநாள் அவன் குசினிக்குள் வந்து நின்றான்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ. கோபுரம் இருந்ததோ இல்லையோ?"

மேபல் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "நான் கண்டனானே? என்னைத்தான் படி மிதிக்க விடேல்லையே."

"அப்ப நான் என்னத்தைக் கீறுறது?"

"போடு தம்பி, கோபுரத்தைப் போடு. கோபுரம் இல்லாட்டி அது என்ன கோயில்? இடப்பக்கமாப் போடு. முன்னுக்கு அஞ்சு வளைவு. ஜன்னல் எல்லாம் உயரமா, கலர்க் கண்ணாடி. பீடத்துக்கு ஏற மூண்டு படி. வாசலடியில ஞானஸ்நானத் தொட்டி. பெண்களுக்கு மதிலோரம் ஒரு வாசல். மழைக்கு ஒதுங்கலாம்."

அவள் சொன்னது முழுக்க கொட்டாஞ்சேனைக் கோயில். தான் ஞானஸ்நானம் பெற்று, முதல் நன்மை வாங்கி, வின்ச்காரர்களின் சாட்சியோடு தாலி கட்டிக்கொண்ட கோயில். வேறு கோயில் அவளுக்குத் தெரியாது. நாகேந்திரம் ஒரே இருப்பில் கீறி முடித்தான். படத்தைப் பார்த்த இரண்டு தரப்பும் முதலில் முகம் சுளித்தன, பிறகு மறுதரப்பு சொன்னபடியும் அது இல்லை என்று கண்டு ஆறுதலடைந்தன. படம் ஹோல் சுவரில் ஏறியது.

தொண்ணூற்றேழாம் ஆண்டில் ஒரு காலை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. பொலிஸ்காரர்கள் அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஹோல் சுவருக்கு முன்னால் நின்றுவிட்டார்கள். அளவுகளோடு ஒரு பெரிய கட்டடத்தின் படம். லொட்ஜ் நிறைய வடக்குத் தமிழர்கள். குண்டு வெடிப்புகளின் காலம். அதற்குமேல் யோசிக்க அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. கீறிய நாகேந்திரத்தையும், சபைத் தலைவரையும், செயலாளரையும், படத்தையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

மேபல் சேலை மாற்றிக்கொண்டு பின்னால் போனாள். பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி மூன்று பேரையும் தனித்தனியாக விசாரித்து முடித்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தார்.

"நோனா," என்றார் சிங்களத்தில், "இது ஊர்க் கோயில் என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். நல்லது. கோபுரம் எங்கே என்று கேட்டால், ஒருவன் கோபுரமே இல்லை என்கிறான். மற்றவன் கோபுரம் வலப்பக்கம் என்கிறான். படத்தில் இடப்பக்கம் இருக்கிறது. கீறியவனைக் கேட்டால், தான் அந்தக் கோயிலைப் பார்த்ததே இல்லையாம், தான் சைவமாம். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன நினைப்பீர்கள்?"

அவர் இடத்தில் இருந்தால் தானும் மூன்று பேரையும் உள்ளே போட்டிருப்பாள் என்று மேபலுக்குத் தோன்றியது. அதிகாரியின் கழுத்துப் பட்டிக்குள் ஒரு மெல்லிய சங்கிலியும் சிலுவையும் தெரிந்தன. சிங்களக் கத்தோலிக்கர் வாழும் வென்னப்புவைப் பக்கத்து ஆளாக இருக்கவேண்டும். மேபல் கொட்டாஞ்சேனைத் தெருவில் பழகிய தன் சிங்களத்தை எடுத்தாள்.

"மாத்தயா, ஆம்பிளைகள் கோயிலுக்குள்ளே எதைப் பார்க்கிறார்கள்? வாசலில் நின்று சுருட்டுப் பிடிக்கிறவர்களுக்குக் கோபுரம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? என்னைக் கேளுங்கள். கோபுரம் இடப்பக்கம். வளைவு ஐந்து. பீடத்துக்கு மூன்று படி, இரண்டாவது படியில் ஒரு வெடிப்பு. ஞானஸ்நானத் தொட்டி வாசலுக்குப் பக்கத்தில். காலைப் பூசையில் வெயில் கலர்க் கண்ணாடியால் வந்து மாதா சுரூபத்தின் காலில் விழும்."

அதிகாரி படத்தைப் பார்த்தார். அவள் சொன்னவை எல்லாம் அதில் இருந்தன, வெடிப்பையும் வெயிலையும் தவிர.

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"தெரியாதா? நான் அந்தக் கோயிலில்தானே கலியாணம் கட்டினேன்."

அதைச் சொல்லும்போது அவள் குரல் ஏனோ இடறியது. அந்த இடறலைத்தான் அதிகாரி நம்பினார். சுவரோரத்து வாங்கில் இருந்த கொன்ஸ்ரன்ரைனுக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். அன்று மாலையே மூன்று பேரையும் விட்டுவிட்டார்கள். படத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

முச்சக்கர வண்டியில் திரும்பினார்கள். பம்பலப்பிட்டி தாண்டியதும் கொன்ஸ்ரன்ரைன் மெதுவாகச் சொன்னான்: "தங்கச்சி, அந்த வெடிப்பு... இரண்டாம் படியில இல்லை, முதலாம் படியில எண்டு நினைக்கிறன்."

மேபலுக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை. "இருக்கும் அண்ணை," என்றாள்.

அதன்பிறகு மணிக்கோபுரத்தைப் பற்றி ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. பொலிசுக்குக் கொடுத்த வாக்குமூலத்தை மாற்ற முடியாது என்று நோபேட் சொன்னான். சங்குமுனைக் கோயிலுக்கு இடப்பக்கம் கோபுரம் இருந்தது என்பது இவ்விதமாகச் சரித்திரமாயிற்று. மேபல் அங்கே கலியாணம் கட்டினாள் என்பதும் மெல்ல அதோடு ஒட்டிக்கொண்டது. இளசுகள் அதை அப்படியே நம்பின. திருத்தவேண்டியவர்கள் திருத்தவில்லை.

சமாதானம் வந்து, வடக்குக்குப் போகும் கண்டிவீதி திறந்ததும் கொன்ஸ்ரன்ரைனும் நோபேட்டும் ஊர் பார்க்கப் புறப்பட்டார்கள். மேபலையும் வரச் சொல்லி மன்றாடினார்கள். நாகேந்திரம் எப்போதோ சுவிசுக்குப் போய்விட்டான், படம் மட்டும் சுருட்டியபடி கூடப் போனது. சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் அதை விரித்துக் காட்டவேண்டியிருந்தது. சோதனை செய்தவர்களில் ஒரு பெண் பிள்ளை, "வடிவான கோயில்" என்றாள்.

சங்குமுனையில் மனிதர்கள் இல்லை. மிதிவெடி அபாயம் என்று மண்டையோடு கீறிய பலகைகள் இருந்தன. வெள்ளைக் கயிறு கட்டிய பாதையால் போனார்கள். நடந்துகொண்டே போய், கொன்ஸ்ரன்ரைன் நின்றான்.

"தாண்டி வந்திட்டம் போல."

திரும்பி வந்தார்கள். எருக்கலைப் பற்றைக்குள் இடுப்பளவில் ஒரு சுவர். மற்றச் சுவர்களின் கல்லை யாரோ பங்கருக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வளைவு என்று சொல்ல ஒன்றுமில்லை. கோபுரம் இருந்ததா என்று சொல்லவும் ஒன்றுமில்லை. மேபல் அத்திவாரத்தைச் சுற்றி நடந்து பார்த்தாள். அவளுடைய முன் ஹோலையும் விறாந்தையையும் சேர்த்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவுதான். இந்த அளவு இடத்துக்கா தன்னை விடவில்லை என்று அவள் நினைத்தாள். இதற்காகவா பேர்னாட் சாகும்வரை ஊர்ப் பேச்சு எடுக்கவில்லை?

"முந்தி பெரிசா இருந்தது," என்றான் நோபேட், யாரோ கேட்டதுபோல.

மேபல் செருப்பைக் கழற்றிவிட்டு, படியிருந்த இடத்தில் கால் வைத்தாள். பிறகு கொன்ஸ்ரன்ரைனைப் பார்த்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஆனால் அது அவளுக்காகவா கோயிலுக்காகவா என்று அவள் கேட்கவில்லை.

புனரமைப்பு என்றுதான் மேலிடத்தில் அனுமதி எடுத்தார்கள். ஆகவே புதிதாகக் கட்டியதைப் புனரமைப்பு என்றே சொல்லவேண்டியிருந்தது. நாகேந்திரத்தின் படத்தில் இருந்த அளவுகள் பழைய அத்திவாரத்துக்குள் அடங்கவில்லை, அத்திவாரத்தைத்தான் வெளியே தள்ளி வெட்டினார்கள். கனடாவிலும் லண்டனிலும் இருந்த சங்குமுனையார் அள்ளி அனுப்பினார்கள். ஓட்டுக் கூரை குண்டுக்குத் தாங்கவில்லை, இந்தமுறை கொங்கிறீற் பிளாற் கூரைதான் என்று பழைய ஓவசியர் ஒற்றைக்காலில் நின்றான். புறக்கோட்டையில் கம்பி வியாபாரம் செய்யும் நிலாம், லொறியில் சாமான் ஏற்றும்போது கேட்டார்: "அண்ணே, கோயில்தானே கட்டுறீங்க? இவ்வளவு கம்பிக்கு யானை ஏறி நிண்டாலும் அசையாதே."

"இனி ஆராலும் அசைக்கேலாமத்தான் கட்டுறம்," என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு, டிசம்பர் மாதம், சவேரியார் திருநாளில் கோயில் திறந்தார்கள். ரொறன்ரோவில் இருந்து ஐறீன் வந்திருந்தாள். தடித்து, நரைத்து, முழங்கால் வருத்தத்தோடு. மேபல் கோயிலைத் தூரத்தில் கண்டதுமே நின்றுவிட்டாள். இடப்பக்கக் கோபுரம், ஐந்து வளைவு, உயர்ந்த ஜன்னல்கள். எருக்கலைக்கும் பனைக்கும் நடுவில் கொட்டாஞ்சேனைக் கோயில் நின்றது.

"அச்சொட்டாப் பழைய கோயில் மாதிரியே இருக்கு!" என்று வந்த பெண்கள் எல்லோரும் சொல்லிச் சொல்லி அழுதார்கள்.

ஐறீன் வந்து மேபலின் கையைப் பிடித்தாள். தன்னோடு வந்திருந்த வீடியோக்காரப் பிள்ளைகளிடம், "இவதான் எங்கட மச்சாள். இந்தக் கோயிலிலதான் கட்டினவ. நாங்கள் எல்லாரும் நிண்டு நடத்தின கலியாணம், என்ன மச்சாள்?" என்றாள்.

அவள் முகத்தில் கள்ளம் ஏதும் இருக்கிறதா என்று மேபல் தேடிப் பார்த்தாள். இல்லை. ஐறீன் அதை உண்மையாகவே நம்பினாள். அவளுக்கு அந்தக் கலியாணத்தில் உடுத்த சேலையின் நிறம்கூட ஞாபகம் இருந்தது.

"ஓம் மச்சாள்," என்றாள் மேபல். "நல்ல சனம் வந்தது."

வாசல் கல்லில் கொடையாளிகளின் பெயர்கள் வெட்டியிருந்தார்கள். கொன்ஸ்ரன்ரைனின் பூட்டனார் இடப்பக்கம், நோபேட்டின் சின்னப்பூட்டனார் வலப்பக்கம், இருவருக்கும் ஒரே அளவு எழுத்து. கீழே, "அமரர் பேர்னாட் குடும்பத்தினர்." குடும்பத்தினர் என்பது தான் ஒருத்திதான் என்று மேபல் நினைத்துக்கொண்டாள். ஊருக்குத் திரும்பியிருந்தவை கைவிரலில் எண்ணக்கூடிய குடும்பங்கள். வெளிநாட்டுக்காரர்கள் போன பிறகு, சுவாமியார் பிரசங்கம் வைத்தால் அவர் சொன்னதே சுவரில் பட்டு அவருக்குத் திரும்பி வந்ததாம்.

அடுத்த வருடம் கழிந்து சண்டை மறுபடி மூண்டது. அந்தக் குடும்பங்களும் ஓடின. சுவாமியார்தான் தொலைபேசியில் சொன்னார். ஒரு குண்டு கூரையில் நேரே விழுந்ததாம், கூரைக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அதைக் கண்ட ஆமிக்காரர்கள், சுற்றுவட்டாரத்திலேயே உறுதியான கட்டடம் இதுதான் என்று உள்ளே வந்து இருந்துவிட்டார்கள். கோபுரத்தில் காவலுக்கு ஆள். அங்கிருந்து பார்த்தால் கடனீரேரி முழுவதும் தெரியுமாம்.

சபை அந்த ஞாயிறும் கூடியது.

"ஓடு போட்டிருந்தா விட்டிட்டுப் போயிருப்பாங்கள்," என்றான் நோபேட்.

"கோபுரம் இல்லாமக் கட்டியிருந்தாலும் விட்டிருப்பாங்கள்," என்றான் கொன்ஸ்ரன்ரைன்.

மேபல் பற்றிஸ் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். கோபுரத்தைப் போடச் சொன்னது தான்தான் என்பது இப்போது அந்த வீட்டில் அவளுக்கு மட்டும் தெரியும். குசினி யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். ஒரு பெண்பிள்ளை தன் கோயிலைப் பற்றிப் பெருமையடித்தது இவ்வளவு தூரம் போகும் என்று யார் கண்டது?

இரண்டாயிரத்தேழு ஆனி மாதத்தில், கொழும்பு லொட்ஜ்களில் காரணமில்லாமல் தங்கியிருக்கும் வடக்குத் தமிழர்கள் ஊருக்குத் திரும்பவேண்டும் என்று பொலிஸ் வந்தது. அவசர அவசரமாகப் பஸ்ஸில் ஏற்றினார்கள். கொன்ஸ்ரன்ரைனுக்கு எழுபது தாண்டியிருந்தது. என்ன காரணத்துக்காக இங்கே இருக்கிறாய் என்று கேட்டார்கள். ஊர்க் கோயிலைத் திருத்துவதற்கு என்று அவன் பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டான். அப்படியானால் ஊருக்குப் போய்த் திருத்து என்று அவனையும் ஏற்றிவிட்டார்கள். மேபல் ஒழுங்கை முனைவரைக்கும் ஓடிப்போய், சாறத்தையும் மருந்துப் போத்தலையும் பஸ் யன்னலால் கொடுத்தாள். பதினைந்து வருடமாக ஊருக்குப் போகவேண்டும் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதன், யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தங்கச்சி, என்னை இறக்கச் சொல்லுங்கோ" என்று அழுதான்.

பஸ் வவுனியாவோடு நின்றது. அதற்கப்பால் போகப் பாதை இல்லை, எல்லோரையும் அங்கே ஒரு முகாமில் இறக்கினார்கள். நீதிமன்றம் தலையிட்டதால் ஏற்றப்பட்டவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். கொன்ஸ்ரன்ரைன் ஒரு பின்னேரம், முதல்முறை வந்தபோது இருந்ததைவிட இளைத்து, அதே வாசலில் நின்றான். மேபல் இந்தமுறை அவன் கேட்கமுன்பே தண்ணீர் கொடுத்தாள்.

பிட்டும் சம்பலும் வைத்தாள். அவன் பாதி சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"அங்க முகாமில எங்கட ஊர்ப்பக்கத்துப் பொடியன் ஒருத்தன் கேட்டவன், கோயில் எப்பிடி இருக்கெண்டு."

"என்ன சொன்னீங்கள்?"

"நல்ல உறுதியா இருக்கெண்டு சொன்னனான்."

மேபல்தான் முதலில் சிரித்தாள். அவன் முறைத்துப் பார்த்தான், பிறகு அவனுக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் இருவரும் சிரித்தார்கள். மேபல் அவன் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் பிட்டு வைத்துவிட்டு, அடையாள அட்டையைக் கேட்டு வாங்கினாள். காலையில் பொலிசுக்குப் போய் அவனைப் புதிதாகப் பதியவேண்டும்.